பிள்ளை பிறந்த வேளையா, பெற்றவர் செய்த வேலையா?

விவாகரத்து உரிமையைப் பற்றித் திருச்சியிலாகட்டும், ஸ்ரீரங்கத்திலாகட்டும், சுற்றுப்பக்கத்துக் கிராமங்களிலாகட்டும் நம்மவர்கள் எங்கு பேசினாலும், பேச்சு முடிந்ததும் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்காமலிருப்பதில்லை. "புருஷனும் பெண்சாதியும் ஒத்துவரவில்லையென்றால் பிரிந்து போகட்டும் என்கிறீர்கள், சரி, பால் மணம் மாறாத பச்சைக் குழந்தையின் கதி என்ன?" என்பதே அந்தக் கேள்வி. இது குதர்க்கம் என்று சொல்லி நம்மில் சிலர் தள்ளிவிடுகிறார்கள். நாம் அப்படித் தள்ளிவிடச் சம்மதிக்க மாட்டோம். கேட்பவர் சனாதனியாகவே இருந்தாலும் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களும், அந்த உரிமையைக் கேட்டவர்களாகிய நாமேதான்.

1929ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் செங்கற்பட்டில் கூடிய மாகாண சுயமரியாதை மகாநாடு, ஒத்துவராத ஆணும் பெண்ணும் தங்கள் கல்யாண பந்தத்தை ரத்துச் செய்து கொள்ள உரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. அன்று அதைக் கேட்டு நகைத்தவர்கள் அநேகர். குடும்பம் குட்டிச்சுவராகப் போகுமென்று சபித்தவர்கள் அதைவிட அநேகர். ஆனால் 20 வருஷத்திற்குள், 1949இல், சென்னை மாகாணத்திலேயே இருதாரத்தைத் தடுத்து விவாகரத்தை அனுமதிக்கும் சட்டம் வந்தது. 1955இல் இந்து விவாகச் சட்டம் வந்தது. 1976இல் இருவரும் சம்மதித்தாலே பிரிந்து கொள்ளலாம் என்ற விதியும் அதில் சேர்ந்தது. ஆகவே உரிமை வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் சட்டத்தைப் பொறுத்தவரை தீர்ந்துவிட்டது. கிடைத்த உரிமையை யோக்கியமாக ஆளுவது எப்படி என்பதுதான் தீராமலிருக்கிறது.

இவ்விஷயத்தில் இரண்டு பேர் இரண்டு விதமான தப்பைச் சொல்லி வருகிறார்கள். வைதீகர், "குழந்தைக்காக எதையும் பொறுத்துக் கொள்" என்கிறார். அவர் இதைச் சொல்வது எப்போதும் பெண்ணிடமே ஒழிய, ஆணிடம் அல்ல. நம்மவர்களிலேயே அவசரக்காரர் ஒருவர், "மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? வளர்ந்தால் எல்லாம் மறந்து போகும்" என்கிறார். முன்னவர் குழந்தையைத் தாயின் காலில் பூட்டும் விலங்காக்குகிறார். பின்னவர் குழந்தையைக் கண்ணும் காதுமில்லாத மரப்பாச்சியாக்குகிறார். குழந்தை விலங்குமல்ல, மரப்பாச்சியுமல்ல.

ஸ்ரீரங்கத்துக் கோயிலில் வருஷந்தோறும் பங்குனி மாதம் நடக்கும் வேடிக்கை ஒன்றை நமது வாசகர்கள் அறிவார்கள். ஆயில்யத்தன்று ரங்கநாதர் பல்லக்கில் ஏறிக் காவிரியைக் கடந்து, உறையூரிலுள்ள கமலவல்லி நாச்சியாரிடம் போய்ச் சேர்த்தி கொண்டு திரும்புகிறார். உத்திரத்தன்று ரங்கநாயகித் தாயாரின் சன்னதிக்கு வந்தால், அந்த அம்மாள் கதவைச் சாத்திக் கொள்ளுகிறாள். உள்ளிருந்து பூவும் வாழை மட்டையும் வந்து சுவாமிமேல் விழுகின்றன. இதற்கு மட்டையடி என்றே பெயர். கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் சொல்ல, கதவு திறக்கிறது, சேர்த்தி நடக்கிறது, ஜனங்கள் கன்னத்தில் போட்டுக் கொண்டு வீடு திரும்புகிறார்கள். மறு வருஷம் அதே ஆயில்யம், அதே உறையூர், அதே மட்டை!

கடவுளின் ஒழுக்கத்தைப் பற்றி இன்று நாம் பேச வரவில்லை. அதற்கு வேறு சந்தர்ப்பங்கள் உண்டு. நாம் சொல்ல வருவதெல்லாம் இதுதான். அந்தச் சண்டையில் அடி பூவால் விழுகிறது, சமாதானத்துக்கு ஆழ்வார் தயாராக இருக்கிறார், எல்லாவற்றுக்கும் மேலாக, சாத்திய கதவின் பின்னால் நின்று அழுவதற்கு ஒரு குழந்தை இல்லை. மனிதர் வீட்டுச் சண்டை அப்படியல்ல. இங்கே விழும் அடி பூவால் விழுவதில்லை. கதவுக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ ஒரு குழந்தை நின்று கொண்டிருக்கிறது. ஆகவே, "சுவாமிக்கும் தாயாருக்கும் சண்டை வரவில்லையா, சேர்ந்து கொள்ளவில்லையா, நீயும் பொறுத்துப் போ" என்று நம் பெண்களுக்கு உபதேசம் செய்கிறவர்கள் கணக்கில் ஒரு ஆளை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள்.

அந்த விட்டுப்போன ஆளைப் பற்றிச் சற்று யோசித்துப் பார்ப்போம். உறையூரில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். பொன்மலையில் என்றாலும், காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் என்றாலும் ஒன்றுதான். அப்பன் போய்விட்டான், அல்லது அம்மா பிள்ளையைத் தூக்கிக் கொண்டு தன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளைக்கு வயது நான்கு. அதனிடம் யாரும் ஒன்றும் சொல்லுவதில்லை. "அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்" என்கிறார்கள். நாள் போகிறது, வாரம் போகிறது, அப்பா வரவில்லை. அந்த வயதுப் பிள்ளைக்கு உலகம் முழுவதும் தன்னைச் சுற்றியே நடப்பதாக எண்ணம். தான் அழுததால் மழை பெய்தது என்று நினைக்கிற வயது. ஆகையால் அது என்ன முடிவுக்கு வருகிறது? "நான் சாப்பிட மாட்டேனென்று அடம் பிடித்தேன், அதனால்தான் அப்பா போய்விட்டார்" என்ற முடிவுக்கு வருகிறது.

இது நம் கற்பனையல்ல. அமெரிக்காவில் ஜூடித் வாலர்ஸ்டைன் என்ற மனநூல் அறிஞர் 1971இல் தொடங்கி, பிரிந்துபோன 60 குடும்பங்களின் 131 பிள்ளைகளைத் தேடித் தேடிப் பேசி, அவர்களில் பலரை 25 வருஷம் விடாமல் கவனித்து வந்தார். சின்னஞ்சிறு பிள்ளைகள் பிரிவுக்குத் தாங்களே காரணமென்று நம்புவதையும், போனது ஒருவரானால் மற்றவரும் ஒருநாள் தன்னை விட்டுப் போய்விடுவார் என்று நடுங்குவதையும் அவர் கண்டு எழுதினார்.

நிற்க. குழந்தை தன் அறியாமையால் இப்படி நினைக்கிறது. வளர்ந்தவர்கள் அதைத் தேற்றி, "உன்மேல் ஒரு தப்புமில்லை" என்று சொல்ல வேண்டாமா? நம் நாட்டில் என்ன நடக்கிறது? பாட்டி ஜாதகத்தைத் தூக்கிக் கொண்டு ஜோசியரிடம் ஓடுகிறாள். ஜோசியர் எந்த ஜாதியாராக இருந்தாலும் சொல்வதென்னவோ ஒன்றுதான்: "பிள்ளை பிறந்த வேளை சரியில்லை, தகப்பனுக்கு ஆகாது." மாலை சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று ஒரு பழமொழி. பெண் மூலம் நிர்மூலம் என்று இன்னொரு பழமொழி. குடித்தவன் அப்பன், வரதட்சணைக்கு நச்சரித்தவர்கள் அப்பனைப் பெற்றவர்கள், ஒத்துவராத இருவரையும் பொருத்தம் பத்தும் பிரமாதம் என்று சொல்லி முடிச்சுப் போட வைத்தவர் இதே ஜோசியர். இத்தனை பேரும் தப்பித்துக் கொள்ள, குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுவது நாலு வயதுக் குழந்தை! அது மனதுக்குள் சந்தேகமாக வைத்திருந்ததை, வீட்டுப் பெரியவர்களும் கிரகங்களும் சேர்ந்து ஊர்ஜிதம் செய்துவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய கொடுமை ஒரு குழந்தைக்குச் செய்ய முடியுமா என்று கேட்கிறோம்.

அந்த மாலை சுற்றிய பழமொழியின் லட்சணத்தையும் பாருங்கள். புருஷனைப் பிரிந்த பெண்ணும் அவள் பிள்ளையும் நம்மூரில் போய்ச் சேர்வது பெரும்பாலும் மாமன் வீட்டில்தான். எந்த மாமன் சோறு போட வேண்டுமோ, அந்த மாமனுக்கே இந்தப் பிள்ளை ஆகாது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். குழந்தையை யாரும் சேர்த்துக் கொள்ளக் கூடாது என்று யாராவது சதி செய்தால்கூட இதைவிடத் திறமையாகச் செய்ய முடியாது.

இனி, இப்படி வளர்ந்த பிள்ளை பெரியவனாகி, பெரியவளாகி, தனக்கென்று ஒரு துணையைத் தேடும்போது என்ன ஆகிறது என்பதைப் பார்ப்போம். வாலர்ஸ்டைன் தன் பிள்ளைகள் வளர்ந்த பிறகு பலரும் கல்யாணத்தைக் கண்டு அஞ்சியதாகவும், யாரையும் முழுதும் நம்பத் தயங்கியதாகவும் 2000இல் எழுதினார். பிரியாத குடும்பத்துப் பிள்ளைகளோடு ஆரம்பத்திலிருந்தே ஒப்பிட்டுப் பார்க்காமல் இப்படிச் சொல்லலாமா என்று மற்ற அறிஞர்கள் ஆட்சேபித்தார்கள். அந்த ஆட்சேபணை சரியே. மேவிஸ் ஹெதரிங்டன் என்ற அம்மையார் சுமார் 1,400 குடும்பங்களை நெடுநாள் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. பிரிந்தவர்களின் பிள்ளைகளில் 100க்கு சுமார் 25 பேருக்குப் பெரிய தொல்லைகள் இருந்தன. பிரியாதவர்களின் பிள்ளைகளிலும் 100க்கு 10 பேருக்கு அவை இருந்தன. 25 என்பது 10ஐவிட ஜாஸ்திதான். அதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் மீதி 75 பேர் நன்றாகத் தலையெடுத்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாதல்லவா?

குறிப்பாகச் சிறு வயதில் பிரிவு நேர்ந்தால் என்ன ஆகிறது என்பதை இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிரிஸ் ஃபிரேலி, மேரி ஹெஃபர்னன் என்ற இருவர் 7,735 பேரை விசாரித்து 2013இல் வெளியிட்டார்கள். பிறந்தது முதல் மூன்று, ஐந்து வயதுக்குள் பெற்றோரின் பிரிவைக் கண்டவர்களுக்கு, பிற்காலத்தில் தாய் தகப்பனிடமுள்ள உறவில்தான் நம்பிக்கைக் குறைவு அதிகம் காணப்பட்டது. தாங்களே தேடிக் கொண்ட காதல் உறவிலோ, கல்யாண உறவிலோ அந்தப் பாதிப்பு அவ்வளவு பலமாகத் தென்படவில்லை. அதாவது, "பிரிந்தவர்களின் பிள்ளை வாழவே வாழாது" என்பது பொய். காயம் படுவது பெரும்பாலும் பெற்றவரிடமுள்ள பந்தத்தில்தான். அன்றியும், எவரோடு குழந்தை வளர்ந்ததோ அவரிடம் அதற்கு உறுதியான பந்தம் இருந்தது. எவரைப் பிரிந்து வளர்ந்ததோ அவரிடம் அது தளர்ந்திருந்தது.

அமெரிக்கக் கணக்கை அப்படியே கொண்டு வந்து திருச்சிக்குப் பொருத்துவது பகுத்தறிவாகாது. அங்கே தனிக்குடித்தனம்; இங்கே பாட்டி, மாமன், சித்தி என்று பலர் இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு விஷயம் எங்கும் பொதுவானது. மனு முதலிய சாஸ்திரக்காரர்கள் பிள்ளை விதைக்குச் சொந்தமா நிலத்துக்குச் சொந்தமா என்று பக்கம் பக்கமாக வாதித்தார்கள். பிள்ளையை அவர்கள் ஒரு விளைச்சலாகவே பார்த்தார்கள். பந்தம் விதையிலுமில்லை, நிலத்திலுமில்லை. தினமும் எடுத்துக் கொஞ்சி, சோறூட்டி, காய்ச்சலில் கண் விழிப்பதில்தான் இருக்கிறது என்று இந்த ஆராய்ச்சி காட்டுகிறது. வளர்த்தவருக்கே பிள்ளை என்பது நம் கிராமத்துக் கிழவிக்கும் தெரியும்.

"அப்படியானால் பிரியாமலே இருந்துவிட்டால் நல்லதல்லவா?" என்று வைதீகர் குதித்தெழுந்து கேட்பார். அவருக்கும் பதிலிருக்கிறது. பால் அமாட்டோவும் அவருடைய கூட்டாளிகளும் 1980 முதல் 12 வருஷம் குடும்பங்களைப் பின்தொடர்ந்து 1995இல் சொன்னது இது: ஓயாத சண்டையும் அடிதடியுமான வீட்டில், பெற்றோர் பிரிந்த பிறகு வளர்ந்த பிள்ளைகள், பிரியாமலிருந்த வீட்டுப் பிள்ளைகளைவிட நன்றாக இருந்தார்கள். சண்டை அதிகமில்லாத வீட்டில் திடீரென்று பிரிந்தால், அங்கே பிள்ளைகள் அதிகம் கஷ்டப்பட்டார்கள். இதன் முதல் பாதி வைதீகருக்குப் புத்தி சொல்லுகிறது. இரண்டாம் பாதி நமக்குப் புத்தி சொல்லுகிறது. தினமும் உதைபடும் தாயைப் பார்த்து வளரும் பிள்ளை, கல்யாணம் என்றால் இதுதான் என்று படித்துக் கொள்ளுகிறது. அவளை அங்கேயே கிட என்பவர் குழந்தைக்கு நன்மை செய்யவில்லை. அதேபோல், சின்னக் கோபத்திற்கெல்லாம் உரிமை இருக்கிறதென்று பிரிந்து கொள்ளுகிறவரும் குழந்தைக்கு நன்மை செய்யவில்லை.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் இந்தியாவில் விவாகரத்து ஆனவர்கள் 13 லட்சத்துக்கு மேல். ரத்து ஆகாமல் பிரிந்து கிடப்பவர்களோ சுமார் 35 லட்சம். சட்டப்படி தீர்ந்தவர்களைவிடத் தீராமல் விடப்பட்டவர்கள் இரண்டரை மடங்கு! இவர்களில் பெண்ணாயிருப்பவளுக்கு நம் பாஷை சூட்டியிருக்கும் பட்டம் வாழாவெட்டி. ஓடிப்போன ஆணுக்கு அப்படி ஒரு பட்டம் நம் பாஷையில் உண்டா? இந்த வாழாவெட்டியின் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது தரகர் கேட்கும் முதல் கேள்வி, "தாய் தகப்பன் சேர்ந்திருக்கிறார்களா?" என்பது. இல்லையென்றால் அந்த இடம் தட்டிப்போகிறது. பிறகு, "பார்த்தீர்களா, பிரிந்தவள் பெண்ணுக்குக் கல்யாணம் கூடவில்லை" என்று ஊர் சொல்லுகிறது. கதவை அடைத்தவர்களே வழியில்லை என்று சொன்னால் என்ன செய்வது?

பிரிவு ஏதோ சீமையிலிருந்து வந்த வியாதி என்பதும் சுத்தப் புளுகு. அறுத்துக் கட்டுகிற வழக்கம் நம் பாடுபடும் ஜாதிகளில் வெகு காலமாக இருந்து வருகிறது. அதைக் கீழ்ஜாதி வழக்கமென்று இகழ்ந்தவர்கள்தான் உண்டே தவிர, அதனால் அந்த ஜனங்கள் அழிந்து போகவில்லை. 1955ஆம் வருஷத்துச் சட்டமும் அந்த வழக்கத்தைச் செல்லுமென்றே விட்டு வைத்தது. ஆனால் அதிலும் ஒரு கோளாறு இருந்தது. பல ஜாதிகளில் பஞ்சாயத்து தாலியைத் தீர்த்துப் பரிசப் பணத்தைக் கணக்குப் பார்த்த கையோடு, பிள்ளை அப்பன் பக்கம் என்று பங்கு பிரித்துவிடும். பாத்திரத்தோடு பாத்திரமாகப் பிள்ளையும் பங்காயிற்று.

சட்டம் மெல்ல மெல்லத்தான் கண் விழித்தது. 1956ஆம் வருஷத்துச் சட்டம், தகப்பன் முதல் கார்டியன், அவனுக்குப் பிறகே தாய் என்று எழுதிவிட்டு, 5 வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றும், குழந்தையின் நன்மையே எல்லாவற்றிலும் பெரிது என்றும் எழுதியது. பிள்ளைகள் பெற்றோரின் சொத்துமல்ல, விளையாட்டுச் சாமானுமல்ல என்ற கருத்தை 1973இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. 1999இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், "தகப்பனுக்குப் பிறகு" என்றால் அவன் செத்த பிறகு என்று மட்டும் அர்த்தமல்ல, அவன் கவனியாமலிருக்கும்போதும் தாயே கார்டியன் என்று அதே கோர்ட் சொல்லிற்று. 2015இல் சட்டக் கமிஷன் தாய்க்கும் தகப்பனுக்கும் சம உரிமை கொடுக்கவும், இருவரும் சேர்ந்து பிள்ளையை வளர்க்க வழி செய்யவும் சிபாரிசு செய்தது. நல்லதுதான். ஆனால் 5 வயதுவரை தாயிடம் என்று சட்டம் சொன்னதற்கு, அதுவரை தகப்பனுக்கு விடுமுறை என்று நம் ஆண்பிள்ளைகள் அர்த்தம் செய்து கொண்டிருக்கிறார்கள். பந்தம் வேர் பிடிக்கும் அந்த வருஷங்களில் காணாமல் போய்விட்டு, 15 வயதில் வந்து, "என் மகன் என்னிடம் ஒட்டவில்லை, தாய் கெடுத்துவிட்டாள்" என்று அழுவதில் பிரயோஜனமென்ன?

பெரியவர்களின் வழக்கில் பிள்ளைகள் அடிபடுவது எப்படியென்பதை நமது இயக்கம் தன் உடம்பிலேயே அனுபவித்திருக்கிறது. புரோகிதனில்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை ஹைக்கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது, அந்தத் தீர்ப்பின்படி அத்தகைய வீட்டுப் பிள்ளைகள் ஒரு பிழையும் செய்யாமலே முறை தவறிப் பிறந்தவர்களானார்கள். 1967இல் அண்ணாதுரை மந்திரிசபை கொண்டு வந்த சட்டத்தால்தான் அந்த அவமானம் நீங்கிற்று. பெற்றவர் செய்கைக்காகப் பிள்ளையைத் தண்டிப்பது எவ்வளவு அநியாயமென்று அன்று கூவினோமே, அந்த நியாயம் நம் வீட்டுப் பிரிவிலும் நமக்கு ஞாபகம் இருக்க வேண்டாமா?

கல்யாணம் கடவுள் போட்ட முடிச்சல்ல, ஆணும் பெண்ணும் செய்து கொள்ளும் ஒப்பந்தம் என்று மேடைதோறும் சொல்லி வருகிறோம். அது முற்றிலும் சரி. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத ஒரு மூன்றாவது ஆள் பின்னால் வந்து சேருகிறான். அவன் ஒப்பந்தம் போடவுமில்லை, அதை ரத்துச் செய்யவுமில்லை. புருஷன், பெண்சாதி என்ற உறவை ரத்துச் செய்யலாம். அப்பன், அம்மா என்ற உறவை ரத்துச் செய்ய எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரமில்லை.

ஆகவே தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். பிரிவதென்று முடிவானால் இருவருமாக உட்கார்ந்து குழந்தையிடம் அதற்குப் புரியும் பேச்சில் உண்மையைச் சொல்லுங்கள். "ஊருக்குப் போயிருக்கிறார்" என்ற பொய் வேண்டாம். உன்னால் நேர்ந்ததல்ல என்று ஒரு தடவையல்ல, நூறு தடவை சொல்லுங்கள். பிள்ளையின் காதுபட ஒருவரையொருவர் ஏசாதீர்கள், "யார் வேண்டும் உனக்கு?" என்று பத்துப் பேர் நடுவில் அதை நிறுத்திக் கேட்காதீர்கள். தகப்பன் பணத்தை மட்டும் அனுப்பிவிட்டு முகத்தை ஒளிக்கவும் வேண்டாம். முகத்தைக் காட்டிவிட்டுப் பணத்தை ஒளிக்கவும் வேண்டாம். தாயும், வரும் தகப்பன் கையோங்கும் முரடனாக இல்லாதவரையில், கதவைச் சாத்த வேண்டாம். சாத்தித் திறந்து விளையாடும் கதவெல்லாம் ஸ்ரீரங்கத்துக் கோயிலோடு இருக்கட்டும். மாமனும் பாட்டியும் ஜாதகக் கட்டைத் தூக்கி அடுப்பில் போடட்டும். ஒரு வேளைச் சோறாவது வேகும். பிள்ளைக்குப் பெண் பார்க்கப் போகும் தோழர்கள், பெண்ணைப் பெற்றவர்கள் சேர்ந்திருக்கிறார்களா என்று கேட்பதை விட்டு, அந்தப் பெண்ணுக்குத் தங்கள் மகனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்கட்டும்.

எந்த வேளையில் பிறந்தாலும் குழந்தைக்குப் பசிக்கும். எந்த நட்சத்திரத்தில் பிறந்தாலும் அப்பாவைத் தேடும். பிறந்த வேளை அதன் கையிலில்லை. பெற்றவர் செய்யும் வேலை நம் கையிலிருக்கிறது. உரிமையைக் கேட்டு வாங்கியவர்கள் அந்த வேலையையும் செய்து காட்டினால்தான், அடுத்த கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பவருக்கு வாயால் சொல்லும் பதிலைவிட நல்ல பதில் கிடைக்கும்.